எண்ணிக்கையும் சாட்சியமும்

"எண்ணிப் போட்டு என்ன செய்யப் போறாங்க காக்கா?"

கேட்டவர் ஊரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நண்பர். இஷாவுக்குப் பிறகு கடையை அடைத்துவிட்டு, என் வீட்டு விறாந்தையில் சிறிது நேரம் கதைத்துவிட்டுப் போவது அவரது வழக்கம். இத்தாலியின் தென்கோடியில், வசந்த காலத்தில், மலை முகடுகளில் நாள் முழுக்க நின்று கடலைக் கடந்து வரும் பருந்துகளை எண்ணுகின்ற தொண்டர்களைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "பிடிக்கிறதும் இல்ல, விக்கிறதும் இல்ல. சம்பளமும் இல்லையெண்டு சொல்றீங்க. வெயிலுக்க நிண்டு எண்ணிப்போட்டு ஊட்டுக்குப் போறதா?"

அவர் கணக்கு அறிந்த மனிதர். ஒரு பொருளை எண்ணுகிறோமென்றால் அதை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது விற்க வேண்டும், அல்லது எவருக்காவது கொடுக்க வேண்டும். எண்ணுவதுதான் உடைமையின் முதற்படி. தன் கைக்கு ஒருபோதும் வராத, வரவேண்டுமென்று ஆசைப்படாத ஒன்றை ஒருவன் எண்ணுவானேன்? அன்றிரவு அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. எண்ணுவது ஒரு செயலா, அல்லது செயலற்றவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா என்ற கேள்வி சில நாட்களாக என்னை விடாமல் பின்தொடர்ந்தது. அதன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சிசிலித் தீவுக்கும் இத்தாலியத் தலைநிலத்தின் கலாப்ரியாவுக்கும் இடையில் இருப்பது மெசினா நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் அகலம். பருந்து போன்ற பெரிய இறக்கைப் பறவைகள் இறக்கையடித்துப் பறப்பதை விட, சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் வழுக்கிச் செல்வதையே விரும்பும். கடலின் மேல் அத்தகைய காற்று எழுவது அரிது. ஆகவே நீண்ட கடற்பரப்பை அவை அஞ்சும். நிலம் நிலத்தை நெருங்கும் இடங்களைத் தேடி வரும். ஆபிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள் துனீசியாவின் போன் முனையிலிருந்து சிசிலிக்குக் கடலைத் தாண்டி, தீவின் மலைகள் வழியாக வந்து, மெசினாவுக்கு மேல் நின்று, கலாப்ரியாவுக்கு ஒரு பாய்ச்சலில் கடக்கின்றன. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து மே இறுதி வரை இது நடக்கிறது. (இதன் நெருங்கிய உறவான கீழைத்தேயத் தேன் பருந்து நமது நாட்டுக் காடுகளிலும் உண்டு. குளவிக் கூட்டைக் கிளறித் தின்னும் பறவை. கொட்டு விழாதிருக்க முகத்தில் செதில் போன்ற நெருக்கமான இறகுகளைக் கொண்டது.)

இந்த நீரிணை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1184ஆம் ஆண்டு டிசம்பரில், ஹிஜ்ரி 580இன் றமழான் மாதத்தில், ஹஜ்ஜை முடித்துவிட்டு அந்தலூசியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த இப்னு ஜுபைரின் கப்பல் உடைந்தது இந்த மெசினாக் கரையருகேதான். படகோட்டிகளுக்குக் கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம் பயணிகளுக்காகச் சிசிலியின் கிறிஸ்தவ அரசன் தன் பணத்தைக் கொடுத்தனுப்பினான் என்பதை அவர் தம் பயண நூலில் எழுதிவைத்தார். கடப்பவர்களுக்கு ஆபத்தான இடம் அது. கரையில் நிற்பவனின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

பருந்துகளைப் பொறுத்தவரை கரையில் நின்றவர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. நீரிணையின் இருபுறத்து மலைகளிலும் சுடுவதற்கென்றே கொங்கிரீட்டினால் மறைவிடங்கள் கட்டப்பட்டிருந்தன. எதிர்க்காற்று வீசும் நாட்களில், கடலைத் தாண்டிக் களைத்த பறவைகள் முகடுகளை உரசிக்கொண்டு தாழப் பறக்கும்; அந்நாட்களில் குறி தப்பாது. இறைச்சிக்காக மட்டும் சுட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அப்பகுதியில் ஒரு நம்பிக்கை இருந்தது: ஒரு வசந்தத்தில் ஒரு தேன் பருந்தையேனும் சுட்டு வீழ்த்தாத ஆணின் மனைவி அவனுக்குத் துரோகம் செய்வாள். சிரிக்கத் தோன்றும். ஆனால் தன் ஆண்மையை நிரூபிக்க எங்கோ பறந்துபோகும் ஓர் உயிரின் மார்பைத் துளைக்க வேண்டியிருக்கும் மனிதனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இத்தகைய நம்பிக்கைகள் வேறு வடிவங்களில் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேன் பருந்தின் குஞ்சுகள் முதலாவது கோடையில் ஆபிரிக்காவிலேயே தங்கிவிடும். வசந்தத்தில் வடக்கே திரும்புபவை பெரும்பாலும் வளர்ந்த, கூடு கட்டப் போகின்ற பறவைகள். இலையுதிர் காலத்தில் சுடுவதும் வசந்தத்தில் சுடுவதும் ஒன்றல்ல. வசந்தத்தில் விழும் ஒரு பறவையோடு அவ்வாண்டின் கூடும் விழுந்துவிடுகிறது.

1981இல் அன்னா ஜோர்தானோ என்ற சிசிலிப் பெண் அம்மலைகளில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 15. தன் கண்முன்னே பருந்துகள் சுட்டு வீழ்த்தப்படுவதைப் பார்த்த அவர் அதன் பின் ஆண்டுதோறும் அங்கே நின்றார். தொண்டர்களைத் திரட்டினார். அவர்கள் கடக்கும் பறவைகளை எண்ணினார்கள். கேட்கும் வெடிகளையும் எண்ணினார்கள். சுடுபவர்களைக் கண்டால் வனப் பொலிஸாருக்கு அறிவித்தார்கள். 1986இல் அவரது கார் தீவைத்துக் கொளுத்தப்பட்டது. செத்த வல்லூறு ஒன்று மிரட்டலோடு தபாலில் வந்தது. 1998இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றாடல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்த எரிந்த காரைப் பற்றியே நான் அதிகம் யோசித்தேன். எண்ணுவது செயலற்றவர்களின் பொழுதுபோக்கு என்றால், ஒருவன் ஏன் இரவில் பெற்றோல் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்? என் நண்பருக்கு விளங்காத ஒன்று அந்தத் தீவைத்தவனுக்கு விளங்கியிருக்கிறது.

ஆயினும் விடயம் அத்தனை இலகுவானதல்ல. முகட்டில் நிற்கும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நூறு பருந்துகள் வட்டமிட்டு உயர்கின்றன. வட்டத்தில் இருக்கும்போது எண்ண முடியாது. அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து வழுக்கத் தொடங்கும்போதுதான் எண்ண வேண்டும். கையிலிருக்கும் எண்ணும் கருவியைச் சொடுக்கியபடி கண் இமைக்காமல் நிற்கிறார். அந்நேரம் கீழேயுள்ள சரிவில் வெடிச்சத்தம். வரிசையில் ஒரு பறவை மடிகிறது. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? எண்ணிக்கையை விட்டுவிட்டு ஓடினால், அதற்குப் பின் கடந்த பறவைகளுக்குக் கணக்கில்லை. எண்ணிக்கொண்டே நின்றால், ஒரு கொலையின் போது கணக்கெழுதிய மனிதராகிறார்.

போர்க்களத்தில் படம் பிடிப்பவர்களிடம் கேட்கப்படும் பழைய கேள்விதான் இது. மெசினாத் தொண்டர்கள் அதற்கு நடைமுறையில் ஒரு விடை கண்டார்கள்: ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் அறிவிப்பார். எனக்கு இந்தப் பிரிவினை சற்று உறுத்தலாகவே இருந்தது. பின்னர் யோசித்தபோது, எண்ணுகிறவர் நிற்காவிட்டால் அறிவிப்பவரின் சொல்லுக்கு நிறையில்லை என்று தோன்றியது. "நிறையச் சுடுகிறார்கள்" என்பது முறைப்பாடு. "இன்ன நாள், இன்ன மணிக்கும் இன்ன மணிக்கும் இடையில் இத்தனை வெடிகள்" என்பது சாட்சியம். முறைப்பாட்டை ஓர் அதிகாரி கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருக்கலாம். சாட்சியத்தை மறுக்க வேண்டுமானால் அவனும் அங்கே வந்து நிற்க வேண்டும்.

சட்டமும் இங்கே ஒரு பாடம் சொல்கிறது. உரோமச் சட்ட மரபில் காட்டு விலங்கு எவருக்கும் உரியதல்ல, பிடித்தவனுக்கே சொந்தம். நமது பிக்ஹு நூல்களிலும் வேட்டைப் பிராணி பிடித்தவனுக்குரியதே. ஆனால் வீணாகக் கொல்வது வேறு விடயம். பயனேதுமின்றித் தன்னைக் கொன்றவனுக்கெதிராகச் சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் நஸாயீ பதிந்திருக்கிறார். இத்தாலி 1977இல் ஒரு சட்டத்தின் மூலம் காட்டுயிர்களை அரசின் பராதீனப்படுத்த முடியாத சொத்தாக்கியது. 1979இன் ஐரோப்பியப் பறவைகள் கட்டளையும் 1992இன் இத்தாலிய வேட்டைச் சட்டமும் பின்னர் வந்தன. அதாவது ஜோர்தானோ மலையேறிய 1981இல் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பருந்து எவருக்கும் உரியதல்ல என்ற நிலையிலிருந்து எல்லோருக்கும் உரியது என்ற நிலைக்குத் தாளில் மாறிவிட்டது. மலையில் மாறவில்லை. எல்லோருக்கும் உரிய ஒன்றை எவரும் எண்ணாதவரை அது எவருக்கும் உரியதல்லாததாகவே இருந்துவிடுகிறது.

தொண்டர்கள் எழுதும் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் கட்டங்கள். காற்றின் திசை, மேகம், எவ்வளவு தூரம் தெரிகிறது, எத்தனை பேர் நின்றார்கள், எந்த இனம், எத்தனை. ஒரு மணி நேரம் நின்றும் ஒரு பறவையும் வராவிட்டால் அந்தக் கட்டத்தில் சைபர் எழுதவேண்டும். மழையால் நிற்க முடியாமற் போயிருந்தால் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். வெளியே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்: பறவை இல்லை. எண்ணுபவனுக்கு இவை இரண்டும் வானமும் நிலமும். சைபர் என்றால், நான் இருந்தேன், பார்த்தேன், வரவில்லை. வெறுமை என்றால், நான் இருக்கவில்லை. வெறுமையைச் சைபராக எழுதுபவன் பொய் சொல்கிறான், அவன் ஒரு பறவையைக்கூடக் கூட்டிச் சொல்லாவிட்டாலும்.

நம் வாயில் அன்றாடம் புழங்கும் இந்தச் சைபர், அரபியின் ஸிஃப்ரிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலைக் கடந்தே அது ஐரோப்பாவுக்குப் போனது. அல்ஜீரியக் கரையிலுள்ள பிஜாயாவில் இவ்வெண் முறையைக் கற்ற பைசா நகரத்து லியனார்டோ, ஃபிபொனாச்சி என்று அறியப்படுபவர், 1202இல் தம் நூலில் அதை இலத்தீனில் விளக்கினார். எழுத்தில் வெற்றிடத்துக்கென்று ஓர் உருவம் கொடுத்ததன் பயன் வியாபாரக் கணக்குக்கு மட்டுமல்ல, இதுபோன்ற நேர்மைக்கும்தான் என்று எனக்குப் படுகிறது.

இனி, என் நண்பரின் கேள்விக்கு நேராக வருகிறேன். எண்ணி என்ன செய்வது? மெசினாவில் இதற்கு உடனடி விடை உண்டு, சுடுவதை நிறுத்த. ஆனால் எதற்கென்றே தெரியாமல் எண்ணியவர்களும் இருக்கிறார்கள். அவர்களது கதை எனக்கு இன்னும் முக்கியமானது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹோக் மவுண்டன் என்ற முகடு. அங்கே வசந்தமல்ல, இலையுதிர் காலமே பருவம். 1930களின் தொடக்கத்தில் வேட்டைக்காரர்கள் வார இறுதிகளில் அங்கே கூடிப் பருந்துகளை நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். செத்த பறவைகளைக் காட்டின் தரையில் வரிசையாக அடுக்கி எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்த ரொஸாலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த 1,400 ஏக்கர் நிலத்தையே குத்தகைக்கு எடுத்தார். காவலராக மொரிஸ் புரோனையும் அவர் மனைவி ஏர்மாவையும் அமர்த்தினார். சுடுவது அந்த ஆண்டே நின்றுபோயிற்று. அத்தோடு அவர்கள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் புரோன் தினமும் முகட்டில் அமர்ந்து எண்ணத் தொடங்கினார். கழுகுகளில் தலை வெளுத்தவை எத்தனை, இன்னும் கறுத்த இறகோடு இருக்கும் இளையவை எத்தனை என்றும் பிரித்தெழுதினார். எவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. 1943 முதல் 1945 வரை அவர் போருக்காகக் கடற்படையில் இருந்த ஆண்டுகளுக்குக் கணக்கில்லை. அவை சைபர் அல்ல, வெறுமை.

அவர் எண்ணத் தொடங்கிய காலத்தில் டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லி புழக்கத்தில் இல்லை. போருக்குப் பின் அது வயல்களெங்கும் தெளிக்கப்பட்டது. 1962இல் றேச்சல் கார்சன் தமது 'மௌன வசந்தம்' நூலில் இந்த முகட்டின் கணக்கை எடுத்துக்காட்டினார். 1935க்கும் 1939க்கும் இடையில் அங்கே கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 வீதம் இளையவை. 1955க்கும் 1959க்கும் இடையில் 20 வீதம். 1957இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகுதான். கழுகுகள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. ஆனால் பிள்ளைகள் இல்லை. வானத்தை அண்ணாந்து பார்த்த எவருக்கும் ஒரு குறையும் தெரிந்திராது. 1972இல் அமெரிக்காவில் டீ.டீ.ரீ. தடைசெய்யப்பட்டது. 1935இல் குளிரில் பாறைமேல் அமர்ந்து "இளையது ஒன்று" என்று எழுதிய கை, இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் எழப்போகும் ஒரு வழக்குக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அது தெரியாது.

இங்கேதான் எனக்கு எண்ணுவதன் அறம் பிடிபடுகிறது. நாம் சாட்சி சொல்வதெல்லாம் வழக்கு வந்த பிறகே. எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் நினைவைத் தேடுகிறோம். அத்தகைய சாட்சியத்தில் நம் விருப்பு வெறுப்பு கலக்காமல் இராது. வழக்கே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கணக்குக்கு அந்த அழுக்கு இல்லை.

அதற்காக எண்ணுபவர்களைப் புனிதர்களாக்கிவிடக் கூடாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவின் பிடிமானமும் தனித்தனியே சோதிக்கப்பட்டன; நல்ல மனிதர் என்பதால் மட்டும் ஒருவர் சொல் ஏற்கப்படவில்லை. பருந்து எண்ணுபவனுக்கும் இது பொருந்தும். நேர்மையானவன் கண் மயங்கலாம். ஒரே கூட்டத்தை இரண்டு முகடுகளில் இரண்டு பேர் எண்ணிவிடலாம். அதனால்தான் தமக்குள் வானொலிக் கருவியில் பேசிக்கொள்கிறார்கள். மெசினாவில் 1980களின் தொடக்கத்தில் ஒரு வசந்தத்தில் சில ஆயிரமாக இருந்த எண்ணிக்கை பிற்காலத்தில் இருபதாயிரத்தையும் தாண்டியது. சுடுவது வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் எண்ணும் இடங்களும் கண்களும் அதிகரித்தன என்பதும் உண்மை. எவ்வளவு பறவைகள் கூடின, எவ்வளவு பார்வை கூடியது என்று பிரித்துச் சொல்வது கடினம். இதை மறைக்காமல் சொல்கிறவர்களைத்தான் நான் நம்புவேன்.

வேறொரு குறையும் உண்டு. சுடுகிறவன் சில வேளை எண்ணுகிறவனை விடப் பறவையை நெருங்கி அறிந்தவன். சிசிலியின் அரசனாக இருந்த இரண்டாம் ஃபிரெடெரிக் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வல்லூறு வேட்டையைப் பற்றி எழுதிய பெருநூலில், அரபு மொழி வேட்டை நூல்களின் அறிவும் தன் கண்ணால் கண்டதும் கலந்திருந்தன. அரிஸ்டோட்டில் வேட்டையில் பழகாதவர், கேட்டதை எழுதியவர் என்று அவரையே மறுக்கும் துணிவு அவனுக்கு இருந்தது. கலாப்ரியக் கிராமத்தானுக்கும் காற்றும் பறவையும் தெரியும். வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தொலைநோக்கியோடு வந்து இறங்கும் தொண்டர்கள் தன்னைக் காட்டுமிராண்டியாகப் பார்க்கிறார்கள் என்று அவன் கொதித்தால் அதில் நியாயமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். அவன் அறிவு உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அந்த அறிவு ஒவ்வொரு முறையும் ஒரு பறவையைத் தின்றே வளர்கிறது என்பதுதான் சிக்கல்.

இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழியொன்றும் உண்டு. தேன் பருந்துகள் கடலில் இறங்கும் அதே போன் முனையில், துனீசியாவின் எல் ஹவாரியா என்ற ஊரில், வசந்தத்தில் கடந்து செல்லும் சிறு வல்லூறுகளை வலையில் பிடித்து, பழக்கி, காடை வேட்டைக்குப் பயன்படுத்தி, பருவம் முடிந்ததும் திரும்ப விட்டுவிடும் மரபு இருக்கிறது. கையில் அமர்ந்த பறவையை, பழகிய பறவையை, மலைமேல் கொண்டுபோய்க் கையை உயர்த்தி விடுவது. எண்ணுபவனுக்கு விடுவது எளிது. அவன் கையில் எதுவும் இல்லை. வைத்திருந்து விடுகிறவனின் கை வேறு. எண்ணிக்கைக்காரர்களின் பக்கம் நின்று இக்கட்டுரையை எழுதினாலும், அந்த ஹவாரியாக்காரன் எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறான்.

மெசினாவில் இப்போது வழக்கு மாறிவிட்டது. நீரிணையின் குறுக்கே 3.3 கிலோமீற்றர் நீளத் தொங்கலோடு, ஏறத்தாழ 400 மீற்றர் உயரக் கோபுரங்கள் தாங்கும் பாலமொன்றைக் கட்டும் திட்டத்துக்கு 2025 ஓகஸ்டில் இத்தாலிய அமைச்சர்கள் குழு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் கணக்காய்வு நீதிமன்றம் அதைப் பதிவுசெய்ய மறுத்தது. சூழலியலாளர்களின் ஆட்சேபனைகளில் பறவைகளின் பாதையும் ஒன்று. எந்த உயரத்தில், எந்தக் காற்றில், எத்தனை பறவைகள் என்ற கேள்விக்கு, துப்பாக்கிக்கெதிராக எழுதத் தொடங்கிய அந்தத் தாள்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீ.டீ.ரீ. கதை அவருக்குப் பிடித்திருந்தது; பழைய கடன் கொப்பியை எறியக் கூடாது என்று தன் வாப்பா சொல்வாராம். பிறகு கேட்டார்:

"போன வருசம் எண்ணின அதே பருந்துதான் இந்த வருசமும் வந்திச்சா எண்டு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வானத்தில போறதுக்கு அடையாளம் இல்லையே."

"அப்ப ஆரெண்டு தெரியாம எண்ணுறாங்க."

"ஓம்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். காலையில் சாமான் லொறி வருவதாகவும், இறக்குவதற்கு முன் மூட்டைகளை எண்ண வேண்டுமென்றும் சொல்லிவிட்டுப் போனார்.